காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்: பறக்கும் சிறுபறவைகளைத் தெளிவாகப் படமெடுக்கும் வழி

கொக்கும் கூழைக்கடாவும் பறக்கும்போது நல்ல படங்கள் எடுத்துப் பழகியவர்கள், அதே கேமராவை வைத்துக்கொண்டு பஞ்சுருட்டானையும் தகைவிலானையும் எடுக்கப் போய், வீடு திரும்பிக் கணினியில் பார்க்கும்போது மனம் சோர்ந்துபோவது உண்டு. சிறுபறவை விரைவாகப் பறக்கிறது என்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. அது சிறிதாக இருப்பதால் அதற்கு அருகில் இருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. அருகில் வர வர அதன் ஒவ்வோர் அசைவும் சட்டகத்துக்குள் பெரிதாகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். பத்து மீட்டர் தொலைவில், வினாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கி.மீ. வேகத்தில், ஒரு தகைவிலான் நமக்குக் குறுக்காகப் பறக்கிறது என்று கொள்வோம். ஏபிஎஸ்-சி எனப்படும் சற்றுச் சிறிய சென்சார் உள்ள கேமராவில் 400 மி.மீ. லென்ஸைப் பொருத்தியிருந்தால், அந்தத் தொலைவில் சட்டகத்துக்குள் அடங்கும் அகலம் 60 செ.மீ.க்கும் குறைவு. கேமராவை அசைக்காமல் பிடித்திருந்தால், பறவை ஒரு விளிம்பில் நுழைந்து மறு விளிம்பில் வெளியேற ஒரு வினாடியின் பதினாறில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. 1/2000 வினாடி ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் பறவை 5 மி.மீ. நகர்ந்துவிடும், அதன் கண்ணையே அழித்துவிடப் போதுமான தூரம் அது. 24 மெகாபிக்சல் சென்சாரில் அந்த நகர்வு ஏறத்தாழ 50 பிக்சல் நீளத்துக்கு இழுபட்ட தடமாக விழும். ஷட்டர் வேகத்தை 1/4000 ஆகக் கூட்டினாலும் 25 பிக்சல் இழுப்பு மிஞ்சுகிறது. மாறாக, பறவையின் போக்கோடு கேமராவையும் சேர்த்துத் திருப்பி, அதன் வேகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை நம் கை ஈடுசெய்துவிட்டால், அதே 1/2000இல் இழுப்பு இரண்டு மூன்று பிக்சலாகச் சுருங்கிவிடும்.

ஆகவே தெளிவு என்பது முதலில் கையில் இருக்கிறது, பிறகுதான் ஷட்டரில் இருக்கிறது. கையின் வேலையைப் பாதியாகக் குறைத்துத் தரக்கூடியது காற்று. கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்கு அந்தக் காற்று ஆண்டின் பெரும்பகுதி தவறாமல் கிடைக்கிறது என்பதால், இந்தக் குறிப்புகளைக் காற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

காற்றும் வெயிலும்

பறவை கிளம்பும்போதும் அமரும்போதும் காற்றை எதிர்த்தே செல்லும். இரை தேடித் தாழப் பறக்கும்போதும், ஓரிடத்தில் நின்றாற்போல மிதக்கும்போதும் பெரும்பாலும் அப்படித்தான். வினாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் பறக்கும் பறவைக்கு எதிரே ஐந்து மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், தரையில் நிற்கும் நமக்கு அதன் வேகம் ஐந்து மீட்டராகத்தான் தெரியும். மேலே சொன்ன 50 பிக்சல் அங்கேயே 25 ஆகிவிடுகிறது. எந்த லென்ஸுக்கும் பணம் கொடுக்காமல் கிடைக்கும் ஆதாயம் இது. காற்று நம் முதுகில் படும்படி நின்றால், எதிர்த்து வரும் பறவையின் முகமும் மார்பும் நம்மை நோக்கியே இருக்கும். அதே நேரத்தில் வெயிலும் நம் முதுகுப் பக்கம் இருந்துவிட்டால், பறவையின் கண்ணில் ஒளிப்புள்ளி விழும். ஆட்டோஃபோகஸ் பற்றிக்கொள்ளப் போதிய வேறுபாடு இறகுகளில் கிடைக்கும்.

காற்றும் வெயிலும் ஒரே பக்கம் சேரும் வேளை எது என்பதுதான் கேள்வி. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற சொல், பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு மிகையாகத் தோன்றாது. அந்த மாதங்களில் காலையில் படமெடுக்கப் போனால், கிழக்கே வெயிலும் மேற்கே காற்றுமாக இரண்டும் எதிரெதிராக நிற்கும்; வெயில் விழும் பக்கத்திலிருந்து பார்த்தால் பறவையின் வாலும் முதுகுமே கிடைக்கும். மாலை நான்கு மணிக்குமேல் அதே இடத்தில் மேற்கு ஓரமாகப் போய்க் கிழக்கு நோக்கி நின்றால், காற்றும் வெயிலும் இரண்டும் முதுகில் படும். அக்டோபரில் வடகிழக்குப் பருவம் தொடங்கியபின் நிலைமை மாறுகிறது. கீழைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் காலை வேளைதான் நல்லது. குளத்தின் கிழக்குக் கரையில் மேற்கு நோக்கி நிற்க வேண்டும். குளிர்காலத்தில் விடியற்காலையில் எழுந்து ஓடுவதும், காற்றுக்காலத்தில் காலையில் வேறு வேலையைப் பார்த்துவிட்டு மாலையில் கிளம்புவதும் இந்த மண்ணுக்குப் பொருத்தமான நடைமுறை. படமெடுக்க எப்போதும் காலையே சிறந்தது என்ற பொது அறிவுரையை இங்கே அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

காற்றின் திசையை அறியக் கைக்குட்டையைத் தூக்கிப் பார்க்கவும் வேண்டாம். நம் பக்கத்துக் காற்றாலைகளின் இறக்கைச் சக்கரம் எந்தத் திசையை நோக்கித் திரும்பியிருக்கிறதோ, அந்தத் திசையிலிருந்துதான் காற்று வருகிறது. காற்றாலை கண்ணில் படாத இடத்தில் மின்கம்பியில் வரிசையாக அமர்ந்திருக்கும் குருவிகளைப் பார்த்தால் போதும்; காற்று சற்றுப் பலமாக இருந்தால் எல்லாமே அலகைக் காற்றுக்கு எதிரே வைத்திருக்கும்.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காற்றுக்குச் சரியாக முதுகு காட்டி நின்றால் பறவை நேரே நம் முகத்தை நோக்கி வரும். அப்படி வரும்போது தொலைவு மிக விரைவாகக் குறைவதால் ஆட்டோஃபோகஸ் திணறும். காற்று வலத்தோளிலோ இடத்தோளிலோ சாய்வாகப் படும்படி சற்றுத் திரும்பி நின்றால், பறவை சாய்கோணத்தில் வரும். முகமும் தெரியும், ஒரு பக்கச் சிறகின் மேற்புறமும் தெரியும், ஃபோகஸும் நிற்கும்.

பஞ்சுருட்டானிடம் தொடங்குங்கள்

பழகுவதற்கு இதைவிட நல்ல பறவை நம் பக்கத்தில் இல்லை. பச்சைப் பஞ்சுருட்டான் ஆண்டு முழுவதும் இங்கே இருக்கிறது. வேலி முள்ளிலோ கம்பியிலோ அமர்ந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடித்து, பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது. காங்கேயம், தாராபுரம், கரூர் பக்கத்துக் கொறங்காடுகளில், கொழுக்கட்டைப்புல் நிறைந்த மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி வளர்ந்திருக்கும் கிளுவை வேலிதான் இதற்குப் பிடித்த இருப்பிடம். யாருடைய காடாக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் வேலியோரம் நிற்க வேண்டும். ‘ஏனுங்கய்யா, இந்த வேலியோரமா நின்னு குருவி படம் எடுத்துக்கலாமுங்களா?’ என்று கேட்டால், ‘எடுத்துக்க கண்ணு, மாடு மேயறப்ப நில்லு, அப்பத்தான் நெறைய வரும்’ என்பது போன்ற பதில் கிடைக்கும். அந்தப் பதிலை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மாடு நடக்க நடக்கப் புல்லிலிருந்து பூச்சிகள் எழும்பும். பஞ்சுருட்டானும் கரிச்சானும் அந்த நேரத்தில்தான் ஓயாமல் பாயும்.

பறவையை ஒரு கால்மணி நேரம் கேமராவைத் தூக்காமல் பாருங்கள். பிடித்து வந்த தேனீயையோ குளவியையோ அது கிளையில் இருபுறமும் அடித்து, கொடுக்கை நீக்கிவிட்டுத்தான் விழுங்குகிறது. விழுங்கி முடித்தபின் தலையைச் சாய்த்து மேலே பார்க்கத் தொடங்கும். பூச்சி கண்ணில் பட்டதும் தலையசைவு நின்று, உடல் ஒடுங்கி, இறகுகள் உடம்போடு ஒட்டி, மார்பு சற்று முன்னே சாயும். அடுத்த கணம் பறவை கிளையில் இருக்காது. மார்பு சாயும்போதே விரலை அழுத்திவிட வேண்டும். சிறகு விரிவதைப் பார்த்தபின் அழுத்தினால், வெறும் கிளைதான் படத்தில் இருக்கும். ஷட்டரை அழுத்துவதற்கு முந்தைய அரை வினாடிப் படங்களையும் சேமித்துத் தரும் வசதி இப்போது பல மிரர்லெஸ் கேமராக்களில் இருக்கிறது. இருந்தால், இந்தப் பறவைக்கு அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

கிளம்புவதைவிடத் திரும்பி வருவதே எடுக்க எளிது, அழகும் அதில்தான் அதிகம். திரும்பும் பஞ்சுருட்டான் கடைசிச் சில மீட்டர்களில் சிறகடிப்பதை நிறுத்தி, சிறகை முழுவதும் விரித்து மிதந்து வருகிறது. வெயில் பறவைக்குப் பின்னாலிருந்து பட்டால் சிறகின் செம்பொன் நிறம் ஊடுருவித் தெரியும். சிறகு அசையாமல் இருக்கும் அந்தக் கணத்துக்கு 1/2000 போதும். அமரும் கிளைக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் நீங்கள் நின்றால், அது உங்களை நோக்கியே மிதந்து வரும். முதலில் கிளையில் ஃபோகஸ் வைத்துக்கொண்டு, பறவை வரும் வழியில் கிளையிலிருந்து அரை மீட்டர் தள்ளிச் சட்டகத்தை அமைத்துக் காத்திருங்கள். சட்டகத்தில் கிளை ஓரத்திலும், பறவை வரும் பக்கம் வெற்றிடமாகவும் இருக்கட்டும்.

கேமராவில் வைத்துக்கொள்ள வேண்டியவை

நல்ல வெயிலில் எஃப் 16 துளை வைத்தால், ஐஎஸ்ஓ எண், அதாவது சென்சாரின் ஒளியுணர்வு அளவு, எதுவோ அதுவே ஷட்டர் வேகத்தின் கீழெண் என்பது ஃபிலிம் காலத்திலிருந்து வழங்கிவரும் கணக்கு. ஐஎஸ்ஓ 400 என்றால் எஃப் 16இல் 1/400. துளையை எஃப் 5.6 ஆகத் திறந்தால் மூன்று படி, அதாவது எட்டு மடங்கு, ஒளி கூடுகிறது. ஆகவே 1/3200 கிடைக்கிறது. வெயில் நன்றாக ஏறிய பிறகு இதிலிருந்து தொடங்கலாம். காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் ஒளி குறைவாக இருக்கும் என்பதால் ஐஎஸ்ஓவை 1250, 1600 என்று ஏற்றத் தயங்க வேண்டாம். இரைச்சல் புள்ளிகளைப் பிறகு மென்பொருளில் குறைத்துவிடலாம். இழுபட்டுப்போன கண்ணை எந்த மென்பொருளாலும் உண்மையாக மீட்க முடியாது. மிதக்கும் பஞ்சுருட்டானுக்கு 1/2000, சிறகடிக்கும் தகைவிலானுக்கும் மீன்கொத்திக்கும் 1/3200, சில்லை, சிட்டுக்குருவி போன்றவற்றுக்கு 1/4000 என்று வைத்துக்கொண்டு, கிடைக்கும் படத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

வெளிச்ச அளவைக் கேமராவின் போக்குக்கு விட்டுவிட்டால், ஒரே பறவை வானத்துக்கு முன்னால் கறுத்தும், தென்னந்தோப்புக்கு முன்னால் வெளுத்தும் போகும். பறவையின் மேல் விழும் வெயில் மாறவில்லை, பின்புலம்தான் மாறுகிறது. ஆகவே மேகமற்ற நாளில் மேனுவல் முறையில் துளை, ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் நிலைநிறுத்திவிடுவதே என் விருப்பம். எதிரே பறக்கும் வெள்ளை நிறப் பறவையை ஒருமுறை எடுத்துப் பார்த்து, வெள்ளை இறகில் விவரம் அழியாத அளவுக்கு ஒளியை அமைத்துவிட்டால், அந்த ஒரு மணி நேரத்துக்கு வேறு கவலை இல்லை. மேகம் வந்து வந்து போகும் நாளில் மட்டும் ஐஎஸ்ஓவைத் தானியங்கியாக விட்டு, பின்புலம் வானமாக இருந்தால் ஒரு படி கூட்டி வையுங்கள்.

துளையைப் பற்றி ஒரு கணக்கு. 400 மி.மீ. லென்ஸில், எஃப் 5.6 துளையில், பத்து மீட்டர் தொலைவில் தெளிவாக விழும் ஆழம் முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏறத்தாழ 14 செ.மீ.தான்; எஃப் 8இல் 20 செ.மீ. பஞ்சுருட்டான் சிறகை விரித்தால் ஒரு சிறகு நுனியிலிருந்து மறு நுனி வரை இதைவிட அதிகம். அதனால் கண் தெளிவாக இருந்து, ஒரு சிறகு நுனி மங்கலாக இருப்பதைக் குறையாகக் கருத வேண்டாம். ஒளி தாராளமாக இருந்தால் எஃப் 7.1 அல்லது 8 வைப்பது ஃபோகஸில் நேரும் சிறு பிழைகளைத் தாங்கிக்கொள்ளும்.

ஃபோகஸைத் தொடர் ஃபோகஸில் வைக்க வேண்டும். சில நிறுவனங்களின் கேமராக்களில் இதற்கு ஏஎஃப்-சி என்றும், கேனான் கேமராக்களில் சர்வோ என்றும் பெயர் இருக்கும். பறவையின் கண்ணை அறியும் கேமராவாக இருந்தால், வானமோ நீரோ பின்புலமாக இருக்கும்போது முழுப் பரப்பையும் அதற்கு விட்டுவிடலாம். சோளக்காடோ கருவேலமோ பின்னால் இருந்தால் அது கிளைகளைப் பிடித்துக்கொள்ளும்; அப்போது நடுவில் சிறிய பரப்பை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. பழைய டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் நடுப்புள்ளியையும் அதைச் சுற்றியுள்ள சில புள்ளிகளையும் சேர்த்த அமைப்பைப் பயன்படுத்தினால் போதும். ஃபோகஸைப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றிக்கொள்வது இதில் பெரும் உதவி: கட்டைவிரலை எடுத்தால் ஃபோகஸ் அங்கேயே நிற்கும், பறவை கிளைக்குப் பின்னே மறைந்து மீண்டும் வரும்போது லென்ஸ் வேட்டையாடித் திரியாது. லென்ஸில் ஃபோகஸ் எல்லையைக் கட்டுப்படுத்தும் விசை இருந்தால், அருகாமைத் தொலைவுகளை விலக்கி வையுங்கள்.

மின்னணு ஷட்டரைப் பற்றி எச்சரிக்கை தேவை. விலை மிகுந்த சில கேமராக்களைத் தவிர மற்றவற்றில் அது சென்சாரை வரிவரியாகப் படிப்பதால், விரைந்து அடிக்கும் சிறகு வளைந்து விகாரமாகப் பதியும். சத்தமின்மைக்காக அதை வைத்துக்கொண்டு சிறகைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மெக்கானிக்கல் ஷட்டரே போதும். லென்ஸின் அதிர்வுக் குறைப்பும் 1/2000க்கு மேல் பெரிதாக உதவுவதில்லை. சிலவற்றில் அது நாம் திருப்பும் அசைவையே அதிர்வென்று எண்ணி எதிர்த்து இழுக்கும். ஆகவே அணைத்துவிடுங்கள், அல்லது பறவையோடு கேமராவைத் திருப்பும் பேனிங்குக்கென உள்ள இரண்டாம் நிலையில் வையுங்கள்.

கையும் கண்ணும்

600 மி.மீ. லென்ஸ் இருந்தால்தான் சிறுபறவை எடுக்க முடியும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அமர்ந்திருக்கும் பறவைக்கு அது சரி. பறக்கும் பறவைக்கு, பத்து மீட்டரில் சட்டகத்தின் அகலம் 600 மி.மீ.யில் 40 செ.மீ. கூட இருக்காது, 300 மி.மீ.யில் அது ஏறத்தாழ 80 செ.மீ. பறவையைச் சட்டகத்துக்குள் வைத்திருக்கவே முடியாதபோது, அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதில் பயனில்லை. 300இலோ 400இலோ தொடங்கி, கை பழகியபின் நீட்டிக்கொள்ளுங்கள். லென்ஸின் எட்டும் தொலைவைப் பெருக்கித் தரும் துணைக்கருவியான இரண்டு மடங்கு டெலி கன்வர்ட்டர் இரண்டு படி ஒளியை விழுங்கி ஃபோகஸையும் மந்தமாக்கும். இந்த வேலைக்கு அது உதவாது. எடை குறைந்த லென்ஸைக் கையிலேயே பிடிப்பது டிரைபாடைவிட நல்லது. தகைவிலான் டிரைபாடின் தலை திரும்பும்வரை காத்திருக்காது.

நிற்கும் முறையில் கவனம் வேண்டும். பறவையின் போக்கு எங்கே முடியும் என்று எண்ணுகிறீர்களோ, அந்தத் திசைக்குப் பாதங்களை வைத்துக்கொண்டு, இடுப்பை முறுக்கிப் பறவை வரத் தொடங்கும் பக்கம் திரும்பி நில்லுங்கள். அது வர வர முறுக்கு தளரும்; உடல் தளர்ந்துவரும்போது அசைவு சீராக இருக்கும், முறுக்கேறும்போது துண்டு துண்டாக இருக்கும். முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்க, இடக்கை லென்ஸின் எடை மையத்தில் கீழிருந்து தாங்க வேண்டும். திருப்புவது இடுப்பிலிருந்து நடக்கட்டும், கையிலிருந்து வேண்டாம். கடைசிப் படம் எடுத்தபின்னும் ஓரிரு கணம் பறவையோடு திரும்பிக்கொண்டே இருங்கள். விரலை எடுத்தவுடன் கையும் நின்றுவிடும் பழக்கம் இருந்தால், தொடரின் கடைசி மூன்று நான்கு படங்கள் எப்போதும் இழுபட்டே இருக்கும்.

வியூஃபைண்டரில் பறவையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் தொடங்குபவர்களின் பெருங்குறை. பறவையைப் பார்த்த கண்ணைக் கேமராவை நோக்கித் தாழ்த்துவதால் இது நேர்கிறது. கண் பறவையை விட்டு அகலாமல் இருக்க, கேமரா கண்ணிடம் வர வேண்டும். வீட்டு மாடியில் நின்று, தெருவில் பறக்கும் காகத்தையும் மைனாவையும் மாலையில் கூடு திரும்பும் கொக்குகளையும் வைத்து, படமே எடுக்காமல் தினமும் சிறிது நேரம் பழகினால் இது விரைவில் கைவரும். பறவை தொலைவில் இருக்கும்போதே பிடித்துக்கொண்டு, ஃபோகஸைத் தொட்டுத் தொட்டு விட்டு, அது நெருங்கியபின் தொடர்ந்து அழுத்துங்கள்.

கானல்

மாசி, பங்குனி தொடங்கி வைகாசி வரை நம் பக்கத்தில் படங்களைக் கெடுப்பது பெரும்பாலும் கையோ ஷட்டரோ அல்ல, கானல்தான். சூடேறிய தார்ச்சாலை, பாறை, உழுதுபோட்ட செம்மண் காடு ஆகியவற்றின் மேல் எழும் வெப்பக்காற்று ஒளியை நெளியச் செய்கிறது. லென்ஸ் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் அதை ஒன்றும் செய்ய முடியாது. கோடையில் ஒன்பது மணிக்குமேல் முப்பது மீட்டருக்கு அப்பால் உள்ள சிறுபறவையைத் தெளிவாக எடுக்க முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். நெருங்கி எடுப்பதும், கோபி பக்கம் நீர் நிற்கும் நெல்வயல், கீழ்பவானி வாய்க்கால் ஓரம் போன்ற ஈரமான இடங்களைத் தேடிப் போவதுமே வழி. குளிரூட்டிய காரிலிருந்து எடுத்த லென்ஸை உடனே பயன்படுத்தாமல், வெளிவெப்பத்துக்குப் பழகச் சில நிமிடங்கள் விட்டுவிடுங்கள். கார் சன்னல் வழியாக எடுப்பதானால் எஞ்சினும் ஏசியும் நின்றிருக்க வேண்டும், இல்லையெனில் சன்னலிலேயே கானல் உண்டாகும்.

மற்ற பறவைகள்

குளிர்காலத்தில் நொய்யல் வழிக் குளங்களில் மீசை ஆலாக்கள் நீருக்குச் சற்று மேலே, காற்றை எதிர்த்து, மெல்ல முன்னேறி இரை தேடும். குளத்தின் ஒரு முனை வரை சென்று, காற்றோடு விரைந்து திரும்பி வந்து, மீண்டும் அதே பாதையில் எதிர்த்துப் போகும். இந்தச் சுற்றைப் புரிந்துகொண்டால், எதிர்த்து வரும் பகுதியை மட்டும் எடுத்து, திரும்பிப் பறக்கும் பகுதியில் கைக்கு ஓய்வு கொடுக்கலாம். சிங்காநல்லூர், சூலூர்க் குளங்களில் இதைப் பழகலாம். திருப்பூரின் நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அதாவது ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. 126 ஹெக்டேர் அளவுள்ள நீர்ப்பரப்பு அது. நடுக்குளத்தில் பறப்பவற்றைத் துரத்திப் பயனில்லை. நீர் வந்து சேரும் வாய்க்காலோரம், நாணல் விளிம்பு ஆகிய இடங்களில்தான் சிறுபறவைகள் எட்டும் தொலைவில் பறக்கும்.

கருப்புவெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். அப்போது உடலும் சிறகும் ஆடினாலும் தலை அசையாது. ஃபோகஸ் புள்ளியைத் தலையில் வைத்தால் கிட்டத்தட்ட ஒவ்வொரு படமும் தெளிவாக வரும். பாயும் கணத்தை எடுக்க விரும்பினால், அலகு நேர் கீழே திரும்பும்போது சட்டகத்தைச் சற்றுத் தாழ்த்திக்கொள்ளுங்கள். தகைவிலான் வேறு வகை. அது எங்கே திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வாய்க்கால் பாலம், மதகு, இரண்டு கரைகளுக்கு நடுவே உள்ள குறுகிய நீர் போன்ற இடங்களில் அதன் போக்கு ஒரு கோட்டுக்குள் அடங்குகிறது. ஆண்டு முழுதும் இங்கேயே வாழும் கம்பிவால் தகைவிலான் பாலத்தடியில் நுழைந்து வருவதைப் பார்த்தால், பாலத்தின் அருகே காற்று வரும் பக்கத்தில் நின்று காத்திருப்பதே போதும்.

சில்லையும் வாலாட்டியும் சிறகைச் சிலமுறை அடித்து, பிறகு உடம்போடு மடக்கி, மேலும் கீழுமாக அலைபோலப் போகும். மடக்கிய கணத்தில் எடுத்த படம் தெளிவாக இருந்தும், பறவை எறிந்த கல்லைப் போலத்தான் தெரியும். அலையின் அடியிலிருந்து மேலேறும்போதுதான் சிறகு விரிகிறது. பறவை தாழ்ந்து முடியும் இடத்திலிருந்து தொடரைத் தொடங்குங்கள். பனை உழவாரனைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது. பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்புகளுக்கு மேலே மாலையில் கூட்டமாகச் சுற்றும் அதை, காற்று பலமாக வீசும் நாளில், அது எதிர்த்துத் திரும்பி ஒரு கணம் வானில் நின்றாற்போலத் தெரியும் இடத்தில் மட்டுமே எடுக்க முயல வேண்டும்.

கூடுகளைப் பற்றி

பறவை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவது கூட்டருகே உறுதி என்பதால், பலருக்கும் அங்கே போய் நிற்கத் தோன்றும். தோட்டத்துக் கிணற்றுக்குள் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளைக் கிணற்று மேட்டிலிருந்து தள்ளி நின்று எடுக்கலாம். ஆண்குருவி தென்னையோலை நாரையோ கரும்புச் சோகைக் கீற்றையோ அலகில் இழுத்துக்கொண்டு வரும் காட்சி மிக அழகானது. பஞ்சுருட்டானின் மண் வளையருகே, மாசி முதல் வைகாசி வரை, நிற்கவே வேண்டாம். எந்தப் பறவையானாலும் அலகில் இரையோடு கம்பியிலேயே உட்கார்ந்து, கூட்டுக்குள் போகாமல் தயங்கினால், நாம் மிக நெருங்கிவிட்டோம் என்று பொருள். அந்த நேரத்தில் கூட்டுக்குள் குஞ்சுகள் பசியோடு இருக்கின்றன. உடனே பின்வாங்க வேண்டும். கூட்டின் முன் உள்ள இலையை ஒதுக்குவது, குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது, ஃபிளாஷ் அடிப்பது ஆகியவை வேண்டவே வேண்டாம். முட்டையையும் கூட்டையும் சேதப்படுத்துவது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

வீடு திரும்பியபின்

படங்களை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்து, கெட்ட படங்களை நீக்குவதற்கு முன் அவை எப்படிக் கெட்டன என்று பாருங்கள். மறுநாள் எதை மாற்ற வேண்டும் என்பது அவற்றில்தான் இருக்கிறது. பறவை முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை பின்தங்கியிருக்கிறது. ஷட்டரைக் கூட்டுவதற்கு முன் திருப்பும் அசைவைச் சரிசெய்யுங்கள். உடலும் கண்ணும் தெளிவாக இருந்து சிறகு மட்டும் கலங்கியிருந்தால் கை சரியாக இருக்கிறது, ஷட்டரைத்தான் கூட்ட வேண்டும். வால் தெளிவாகவும் கண் மங்கலாகவும் இருந்தால் ஃபோகஸ் பின்தங்குகிறது. பறவை நேரே வந்த படங்களில் இது அதிகம் தென்படும், அப்போது நிற்கும் கோணத்தை மாற்ற வேண்டும். எங்குமே தெளிவில்லாமல், விளிம்புகள் மட்டும் நெளிந்திருந்தால் அது கானல். அமைப்பு எதையும் மாற்றாமல் இடத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள்.

சென்சாரின் பதிவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்திருந்தால், முதலில் இரைச்சலைக் குறைத்து, பிறகு கூர்மையைக் கூட்டுவதே சரியான வரிசை. கூர்மையைப் பறவைக்கு மட்டும் கொடுங்கள். வானத்துக்கும் சேர்த்துக் கொடுத்தால் புள்ளிகள் திரும்ப எழும். சிறுபறவைப் படத்தை வெட்டிச் சிறிதாக்காமல் முடியாது. 6000க்கு 4000 பிக்சல் உள்ள படத்தை 2400க்கு 1600 என்று வெட்டினாலும், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எட்டு அங்குல அகலத்துக்கு நல்ல அச்சு எடுக்கலாம். கைப்பேசித் திரைக்கு அது தாராளம். வெட்டும்போது பறவை பறந்து செல்லும் பக்கத்தில் சற்றுக் கூடுதலாக இடம் விட்டு வெட்டுங்கள்.